இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில்

கை முந்திக்கொண்டது. போன் கேட்டதும் விரல் போய் ‘ஆம்’ மேல் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ரெமிஜியுஸ் அடியிலிருந்த சின்ன எழுத்துகளைப் படித்தார். பேட்டரி இருபது சதவீதம், சேமிப்பானை இயக்கவா என்பது மேலே, கொட்டை எழுத்தில். கீழே, யாரும் படிக்க வேண்டாம் என்பதுபோல் சாம்பல் நிறத்தில், பின்னணிச் செயல்பாடுகள் நிறுத்தப்படும், மின்னஞ்சல் வருவது தாமதமாகலாம். தாமதமாகலாம் என்றால் எவ்வளவு? பஸ் தாமதமாகும் அளவா, கோர்ட் கேஸ் தாமதமாகும் அளவா? அல்லது நாமாகப் போய்க் கூப்பிடும்வரை வாசலிலேயே நின்றுகொண்டிருக்குமா, மணியடிக்கக் கூச்சப்படும் ஆள் மாதிரி? அவரே அப்படி எத்தனை வாசலில் நின்றிருக்கிறார். மின்விசிறி நின்று இரண்டு மணி நேரமாகிறது. மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, தூத்துக்குடியில் இந்தப் பகுதி முழுவதற்கும். முன்னறை நாற்காலியில், வியர்வை பட்டுவிடக் கூடாது என்று மடியில் துண்டை விரித்து, அதன்மேல் போனை மல்லாத்தி வைத்திருந்தார், காய்ச்சல் கண்ட குழந்தையைப் போல. உள்ளே மனைவி ஜெனோவா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்பு ஒடிக்கிற சத்தம் சீராகக் கேட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. கப்பலில் வேலைக்குப் போயிருக்கும் மகன் ஆல்ட்ரின் சொன்னது அப்படித்தான். “அந்த இடத்தத் தாண்டுற வரைக்கும் எங்க யாருக்கும் நெட் கிடையாதுப்பா. கேப்டன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிருவாரு. தாண்டினதும் கப்பல் மெயில்ல இருந்து ஒரே ஒரு வரி போடுறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள்ள வந்துரும். அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க.” அந்த இடத்துக்குப் பெயர் உண்டு. மகன் சொன்னான், டிவியிலும் சொல்கிறார்கள். போன மாதம் அங்கே ஒரு சரக்குக் கப்பலின்மேல் வானத்திலிருந்து எதுவோ வந்து விழுந்து எரிந்ததைக் காட்டினார்கள்; ஜெனோவா அடுப்படியிலிருந்து வருகிற காலடி கேட்டதும் அவர் சேனலை மாற்றிவிட்டார். அதன் பிறகு மனதுக்குள்கூட அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அந்த இடம். அவ்வளவு போதும். இன்று செவ்வாய்க்கிழமை.

ஆம் என்று ஏன் தொட்டோம்? சேமிப்பு என்று எவன் கேட்டாலும் ஆம் சொல்லியே பழகிய விரல் அது. துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்குக்கு டாலிக் கணக்கு எழுதிய விரல். கிரேன் வலையில் மூட்டை மூட்டையாக மேலே போவதைப் பார்த்து நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே இருந்த விரல். எட்டாம் வகுப்பு படித்தவனுக்கு அதற்கு மேல் எழுத என்ன இருந்தது? ஆனால் ஒரு கோடு குறைந்தால் ராத்திரி தூக்கம் வராது. அந்தப் புத்திதான் இன்று காலை ஆளைக் கவிழ்த்தது. போன் வாங்கிய அன்று செல்போன் கடை ஹமீது பாய் ஒரு பேச்சுக்குச் சொன்னார். “அண்ணே, பேட்டரி நெடுநாள் உழைக்கணும்னா எண்பதுக்கு மேல ஏத்தாதீங்க, இருபதுக்குக் கீழ எறக்காதீங்க. நடுவுல நடுவுல சொருகிச் சொருகி எடுக்கவும் கூடாது.” ஹமீது பாயே அதை மறந்திருப்பார். ரெமிஜியுஸ் மறக்கவில்லை. நாலு வருஷமாக எண்பதில் பிடுங்குகிறார், இருபதில் செருகுகிறார். பிடுங்கியதும் சுவிட்சையும் அணைத்து, ஒருமுறை தொட்டும் பார்த்துக்கொள்வார். இன்று எட்டு மணிக்கு ஜெனோவா கையில் தோசைக்கரண்டியோடு வந்து சொன்னாள்: “இன்னைக்கு ஷட்டவுன். ஒம்பதுக்குக் கரண்ட் போயிரும். போனுக்குப் போடணும்னா இப்பமே போடுங்க.” அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நாற்பத்திரண்டு. “இன்னும் நாப்பத்திரெண்டு கெடக்கு. இப்பப் போடக் கூடாது” என்றார். எவ்வளவு நிதானமாகச் சொன்னார்! பெரிய மருத்துவர் மாதிரி. அவள் கரண்டியை ஆட்டிக்கொண்டே, “ஆமா, அது வயித்துப்புள்ளக்காரி, நேரம் பாத்துத்தான் ஊட்டணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நேரத்தில் செருகியிருந்தால் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் எண்பதைத் தொட்டிருக்கும். எண்பது இருந்தால் இன்று முழுக்க அது கண் விழித்துக் கிடக்கும், இவர் இப்படி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். பேட்டரி ஆயுசைக் காப்பாற்றி என்ன செய்யப்போகிறோம்? போனுக்கு நாலு வயது. ஆல்ட்ரினுக்கு இருபத்தேழு. இந்த இரண்டு எண்ணையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைத்ததே தப்பு என்று பட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பின்னணி. நல்ல சொல்லாகத்தான் வைத்திருக்கிறார்கள். பின்னணி என்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பின்னணிப் பாடகர்கள்தான். திரையில் ஒருவன் வாயசைக்க, கண்ணாடி அறைக்குள் நின்று இன்னொருவன் மூச்சைப் பிடித்துப் பாடுவான். போனுக்குள்ளும் அப்படி ஓர் ஆள் நிற்கிறான் போல. திரை கறுப்பாகக் கிடக்கும்போதும் அவன் மட்டும் தூங்காமல், வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒவ்வொரு எட்டிப்பார்த்தலுக்கும் கொஞ்சம் தீரும். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு அனுமதி கொடுத்தது இவர்தான், மகன் போனிலேயே சொல்லச் சொல்ல: அமைப்புகள், ஆப்ஸ், மின்னஞ்சல், பின்னணியில் இயங்க அனுமதி, ஆமா, அந்தப் பொத்தானை வலது பக்கம் தள்ளுங்கப்பா, நீலமாயிரும். நீலமாயிற்று. அன்றிலிருந்து பேட்டரி ஓட்டைக் குடமாகிவிட்டது. ராத்திரி செபமாலையில் எண்பதில் பிடுங்கியது விடியும்போது ஐம்பதுக்குக் கீழே. இப்போது அவனைத் தூங்க வைத்தாகிவிட்டது. தூங்க வைத்தால் போன் ராத்திரி வரை உயிரோடு கிடக்கும், ஆனால் காது கேட்காது. எழுப்பிவிட்டால் காது கேட்கும், ஆனால் மூன்று மணிக்கெல்லாம் செத்துவிடும். மூன்றரைக்குக் கடிதம் வந்தால்? அவர் சேமிப்பானை அணைத்தார். இருபது என்றது பத்தொன்பதாயிற்று, எண் கண்முன்னாலேயே புரண்டது. பயந்து மறுபடி போட்டார். போட்டதும் அந்த மௌனம் தாங்கவில்லை. மறுபடி அணைத்தார். இப்படிப் போட்டு அணைப்பதற்கும் சார்ஜ் தீருமே என்று அப்புறம் தோன்றியது. கடைசியாக ஒருமுறை போட்டு, அப்படியே விட்டுவிட்டார். ஆல்ட்ரினுக்கு ஒன்றரை வயதில் மூளைக்காய்ச்சலோ என்று பயமுறுத்தினார்கள். பெரியாஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே ஒரே பாய். இரண்டு பேரும் விழித்திருந்தால் விடிவதற்குள் இரண்டு பேரும் விழுந்துவிடுவோம் என்று ஜெனோவாதான் சொன்னாள். “நீங்க கொஞ்சம் கண்ணசருங்க. நான் முழிச்சிருக்கேன். பொறவு எழுப்புறேன்.” எழுப்பவே இல்லை. விடிந்த பிறகு, குழந்தைக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்ட பிறகு, தோளைத் தட்டினாள். நல்ல செய்தியோடுதான் எழுப்பினாள். ஒருவர் விழித்திருப்பார் என்று தெரிந்தால் இன்னொருவர் தூங்க முடிகிறது. இங்கே விழித்திருக்க யார்? உள்ளே கீரைக்காம்பு ஒடிகிற சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. சொல்லிவிடலாமா? ஏ ஜெனோவா, இப்படி ஒரு இடம், இப்படி ஒரு வரி. சொன்னால் பாதிப் பாரம் அவளுக்குப் போகும் என்பார்கள். போகாது. முழுதாக அவளுக்கும் ஒன்று வரும். அவருடையது அப்படியே இருக்கும்.

பதினெட்டில் எழுந்தார். பக்கத்து வீட்டு விக்டோரியா டீச்சரிடம் இன்வெர்ட்டர் இருக்கிறது. இங்கிருந்தே அவர்கள் வீட்டு விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கிறது. போய், டீச்சர், ஒரு பத்து நிமிசம் இதைச் செருகிக்கிடட்டுமா என்று கேட்டால் போதும். எத்தனை வார்த்தை? அத்தனையையும் உள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சார்ஜரைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு கேட்டைத் திறந்தார். டீச்சர் வெளியேதான் நின்றாள், துணி காயப்போட்டபடி. இனி திரும்ப முடியாது. “என்ன அண்ணே, இந்த வேகாத வெயில்ல எங்க கெளம்பிட்டீய?” என்றாள். டீச்சர் நல்லவள். உடனே வாங்க என்பாள். செருகியும் கொடுப்பாள். அப்புறம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்ன அண்ணே அவ்வளவு அவசரம், ஆல்ட்ரின் எங்க இருக்கான், எந்தக் கடல்ல போறான் என்பாள். டீச்சருக்கு உலகப் படம் மனப்பாடம். சாயங்காலம் கோவில் வாசலில் ஜெனோவாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணும் ஆகாது மதினி என்று சொல்லுவாள். அந்த ‘ஒண்ணும் ஆகாது’ ஒன்றே போதும், எல்லாம் ஆகிவிடும். “சும்மாதான்... வெயில் எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்” என்றார். டீச்சர் சிரித்துவிட்டாள். “வெயிலப் பாக்க வெளிய வரணுமா அண்ணே? எல்லாரும் வீட்டுக்குள்ளயே வெந்துகிட்டுத்தானே இருக்கோம். அது என்ன பையில வாலு தொங்குது?” குனிந்து பார்த்தார். சார்ஜர் வயர். அதை மெல்லச் சுருட்டி உள்ளே தள்ளினார், பாம்பைக் கூடைக்குள் விடுவதுபோல். “பழுது. கடையில காட்டணும்” என்றார். ஒரு பொய்க்கு இன்னொன்று. கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தபோது பிடரியெல்லாம் வேர்த்திருந்தது. ஹமீது பாய் கடைக்கு நடக்கலாமே? அந்தத் தெருவும் இதே ஷட்டவுனில்தான். பஸ் ஏறிப் பழைய பேருந்து நிலையம் பக்கம் போகலாம். போகிற வழியில் கடிதம் வந்து, நெரிசலில் சத்தம் கேட்காமல் போனால்? சேமிப்பான்தான் போட்டிருக்கிறதே, எப்படிச் சத்தம் வரும்? சுற்றிச் சுற்றி யோசனை அதே இடத்துக்கு வந்து முட்டியது, கண் கட்டிய மாடு போல.

மத்தியானத்துக்குள் என்றான். மத்தியானம் என்பது எது வரை? பன்னிரண்டா, சோற்றுக்கு உட்காரும் நேரமா? கப்பலின் மத்தியானமும் நம் மத்தியானமும் ஒன்றில்லை, அங்கே கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி வைப்பார்கள் என்று அவனே சொல்லியிருக்கிறான். அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது. அப்படியானால் இன்னும் அவன் அந்த இடத்தில்தான் இருக்கிறான். ஒரே கணக்கு ஆறுதலாகவும் வருகிறது, கத்தியாகவும் வருகிறது. சாப்பிட்டுக் கை கழுவியதும் தாங்காமல் போனில் மெயில் பெட்டியைத் திறந்தே பார்த்துவிட்டார். நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கரண்ட் இல்லாத நாளில் டவரும் இழுத்துக்கொண்டுதான் கிடக்கும். மேலே ஒரே ஒரு கோடு, அதுவும் வருகிறது போகிறது. இணைப்பு இல்லை, மீண்டும் முயலவும். மீண்டும் முயன்றார். பதினைந்து இருந்தது, பதின்மூன்று. இரண்டைக் கொடுத்து ஒரு வட்டத்தை வாங்கினோம் என்று நினைத்தார். அந்த வட்டம் கண்ணை விட்டுப் போகவில்லை. மூடினால் இமைக்குள் சுற்றியது. அந்த இடத்து வானத்தில் ஒன்று அப்படித்தான் சுற்றுமாம், சின்னதாக, தையல் மிஷின் சத்தத்தோடு, எங்கே விழலாம் என்று பார்த்துக்கொண்டு. ஆல்ட்ரின் மேல்தளத்திலும் இல்லை. மோட்டார்மேன். இன்ஜின் அறையில், தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, காதில் பஞ்சு மாதிரி எதையோ அடைத்துக்கொண்டு எண்ணெய் துடைக்கிறவன். மேலே என்ன நடந்தாலும் கீழே முதலில் தெரியாது. இரும்பு ஏணி எவ்வளவு உயரம் என்று ஒருநாள் வீடியோவில் காட்டினான். படம் ஆடிக்கொண்டே மேலே மேலே போனது, முடியவே இல்லை. “எப்பா, இது ஏறி ஏறியே எனக்கு முட்டி தேஞ்சிரும் போல” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போது ஏன் நினைக்க வேண்டும்? “என்னத்துக்கு அதையே மொறச்சுப் பாத்துகிட்டு இருக்கீய?” ஜெனோவா கதவுநிலையில் நின்றாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி. “ஒண்ணுமில்ல. மணி பாத்தேன்.” “செவுத்துல கெடிகாரம் ஓடுதே. அதுக்குக் கரண்டு வேண்டாமே.” அவர் சுவரைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஏதோ கேட்கப்போகிறவள் போல வாயைத் திறந்து, “மோர் தரட்டா?” என்றாள்.

மோர் குடித்தார். அந்தக் காலத்தில் அவருடைய அண்ணன் தோணியில் மாலத்தீவுக்குப் போவான். போனால் போனதுதான். வருகிற நாள் என்று ஒன்று கிடையாது. காற்று தள்ளுகிற நாள்தான் வருகிற நாள். ஒருமுறை எல்லாத் தோணியும் வந்து, அண்ணன் தோணி மட்டும் வரவில்லை. அப்புறம் ஒரு காலையில் தாடியும் மீசையுமாக வாசலில் நின்று, சோறு இருக்கா என்றான். மதினி அழக்கூட இல்லை, தட்டைத்தான் எடுத்தாள். அந்தப் பயமும் பயம்தான், ஆனால் மொத்தமாக வரும், மொத்தமாகப் போகும். நடுவில் மீன் வாங்குவார்கள், சண்டை போடுவார்கள், தூங்குவார்கள். இது சில்லறையாக வருகிறது. பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று. உள்ளங்கைக்குள் வந்து, நொடிக்கு நொடி என்னைப் பார் என்கிறது, பார்த்தால் ஒன்று குறைத்துக்கொள்கிறேன் என்கிறது. பார்க்காமல் இருப்பதுதான் சேமிப்பு. பார்க்காமல் இருப்பது எப்படி? போனைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்தால் மனதுக்கு ஏதோ போல இருந்தது, நிமிர்த்தினார். பத்து. ஒருவேளை கடிதம் ஏற்கெனவே வந்து வாசலில் நிற்கிறதோ? ஒருவேளை அது அவன் எழுதாத கடிதமோ? கம்பெனியிலிருந்தும் மெயிலில்தானே சொல்வார்கள். அன்புள்ள என்று ஆரம்பித்து. அதற்குமேல் யோசனை போகாமல் அந்த ‘அன்புள்ள’விலேயே மாட்டிக்கொண்டு, முள்ளில் சிக்கிய துணியாக முன்னுக்கும் வராமல் பின்னுக்கும் போகாமல் கிடந்தது. அன்புள்ள. அன்புள்ள. ஒன்பது. எட்டு. சேமிப்பான் போட்டும் இறங்குகிறதே, எதைத் தின்கிறது? சும்மா உயிரோடு இருப்பதற்கே இவ்வளவு செலவாகும் போல. அவர் எப்போது கண்ணசந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

தெருவே கூச்சல் போட்டது. “கரண்ட் வந்துட்டு!” விசிறி தலைக்குமேல் முனகிக்கொண்டு கிளம்பியது. எங்கோ மிக்ஸி அலறியது. ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆறு சதவீதம். எழ வேண்டும். எழவில்லை. செருகினால் சேமிப்பான் தானாக விலகும், டவரும் வந்திருக்கும், வாசலில் நிற்பவர் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். இவ்வளவு நேரம் அதற்காகத்தான் தவித்தார். இப்போது இன்னும் கொஞ்சம் ஆகட்டும் என்றிருந்தது. இந்த ஆறும் தீர்கிறவரை அவன் தாண்டியவனாகவும் இருக்கலாம். முன்னறையில் இருந்தது ஒரே பிளக். திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே. அதில் படத்தின் சிவப்பு பல்பைத்தான் செருகியிருக்கும். போனுக்குப் போட வேண்டுமென்றால் பல்பைப் பிடுங்க வேண்டும். ஆண்டவருக்கு உள்ள வெளக்க அணைச்சுத்தான் இதுக்கு உசுரு கொடுக்கணுமா என்று ஜெனோவா தினமும் முணுமுணுப்பாள். இன்று அவளே வந்தாள். பல்பைப் பிடுங்கினாள். அவர் சட்டைப் பையிலிருந்து சார்ஜரை உருவினாள், பழுது என்று சொன்ன அதே சார்ஜரை. மடியிலிருந்து போனை எடுத்துச் செருகினாள். சுவிட்சைத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டிங் என்றது. அவர் எழுந்து நின்றிருந்தார். டிங். துணிக்கடைத் தள்ளுபடி. டிங். வங்கி, உங்கள் கேஒய்சி. டிங், டிங், டிங். வலையிலிருந்து மூட்டைகள் சரிவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவர் விரல் தானாகத் தொடையில் கோடு போட்டுக்கொண்டது, நாலு, குறுக்கே ஒன்று. இவ்வளவு பேரும் வெளியே நின்றிருக்கிறார்கள், இவர்களில் ஒருவருக்கும் இவரைத் தெரியாது. கடைசியில் எல்லாவற்றுக்கும் அடியில், கப்பலின் பெயர். வந்த நேரம் பதினொன்று ஐந்து. விரல் ‘ஆம்’ மேல் உட்கார்ந்ததே, அதற்குச் சற்றுப் பின். இந்தப் பகல் முழுவதும் அது வாசலில்தான் நின்றிருக்கிறது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தான்; அவர் எழுத்துக் கூட்டி, உதடு அசையப் படித்தார். தாண்டியாச்சுப்பா. எல்லாரும் நல்லா இருக்கோம். சரக்கு இறக்கிட்டு அடுத்த மாசம் இதே வழியாத்தான் திரும்பணும். அதனால அம்மாகிட்ட இப்பவும் சொல்ல வேண்டாம். அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். முதல் இரண்டு வரியில் நின்றுகொள்ளப் பார்த்தார். கண் தானாகக் கீழே இறங்கியது. அடுப்படி வாசல்வரை போனார். ஜெனோவா திரும்பினாள். “கரண்ட் வந்துட்டு” என்றார். “தெரியுது. நான்தானே போட்டேன்.” “ஆல்ட்ரின் மெயில் போட்டிருக்கான். நல்லா இருக்கானாம்.” அவள் கை ஒருகணம் நின்றது. “இருக்கட்டும் எங்கய்யா” என்றாள், மகனிடமே சொல்வதுபோல. பிறகு கீரையைக் கிளறினாள், கிளறிய கீரையையே மறுபடி மறுபடி.

ஏழு மணிக்குச் செபமாலை. ஆண்டவர் படத்துக்கு முன் பாய் விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சிவப்பு விளக்கு எரியவில்லை. அந்த இடத்தில் போன் படுத்திருந்தது. அவள் பாதி மந்திரம் சொல்வாள், மீதியை அவர் முடிப்பார். இந்த நேரத்தில்தான் வழக்கமாக எண்பதைத் தொடும். மந்திரத்தின் நடுவிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து பிடுங்குவார், அவள் கண்ணைத் திறக்காமலே தலையில் அடித்துக்கொள்வாள். எழுபத்தெட்டு. மந்திரம் போய்க்கொண்டிருந்தது. எழுபத்தொன்பது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை இருந்தாலும் போதாது என்று இருந்தது. நூறு என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தொட்டே பார்த்ததில்லை. அவளுடைய குரல் நின்றது. “எண்பது தாண்டிட்டு” என்றாள். “இருக்கட்டும்.” அவள் போனைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. “அப்போ இன்னும் முடியலையா?” என்றாள் மெதுவாக. அவர் மணியை விரலுக்கு இடையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அவள் செபமாலையை இழுத்து மறுபடி பிடித்தாள், விட்ட இடத்திலிருந்து அல்ல, முதல் மணியிலிருந்து.